ஆறு பேரைத் தேடும் கணக்கு

நடுவர் ஐயா அவர்களே, என் அணியில் இருக்கிற உடன்பிறப்புகளே, முருங்கனிலும் அடம்பனிலும் பஸ் ஏறி, மடுச் சந்தியில் இறங்கி, ஓட்டோவுக்குக் காசு கொடுத்து வந்து இந்தப் பிளாஸ்ரிக் கதிரைகளில் வியர்த்துக்கொண்டிருக்கிற சபையோரே, எல்லோருக்கும் வணக்கம்.

எதிரணித் தம்பிக்கு மட்டும் தனியாக ஒரு வணக்கம். இந்த வெயிலில், இந்த மடுக் காட்டுக்குள், கோட்டுப் போட்டு ரை கட்டிக்கொண்டு வந்திருக்கிறாரே! தம்பி, அந்தக் கோட்டு உங்கட கலியாணத்துக்குத் தைத்ததோ, இல்லை கொம்பனி போடச் சொன்னதோ? கொம்பனி போடச் சொல்லியிருந்தால் அதற்கும் உங்களிடம்தான் காசு வாங்கியிருக்கும். அவர்களுடைய மீற்றிங்கில் தண்ணிப் போத்தலுக்கே காசு.

தலைப்பு என்ன? சங்கிலி வியாபாரம் குடும்பத்தை உயர்த்துகிறதா, ஓட்டாண்டி ஆக்குகிறதா? தம்பி பதினைந்து நிமிடம் பேசினார். கனவு என்றார், சுதந்திரம் என்றார், ஐம்பது வயதில் ஓய்வு என்றார், கடற்கரையில் காலை நீட்டிக்கொண்டு இருக்கலாம் என்றார். ஐயா, நாங்கள் மன்னார் ஆட்கள். கடற்கரையில் காலை நீட்டிக்கொண்டு இருக்க எங்களுக்கு ஒரு பேக்கேஜ் வாங்க வேணுமோ? தாழ்வுபாட்டுக்குப் போனால் சும்மாவே இருக்கலாம்.

அந்தப் பதினைந்து நிமிடத்தில் ஒரு தொகை, ஒரே ஒரு தொகை, சொன்னாரோ? எவ்வளவு போட்டேன், எவ்வளவு எடுத்தேன் என்று? கனவுக்குக் கணக்குக் கேட்கக் கூடாது என்பது அவர்களுடைய முதல் பாடம். பரவாயில்லை. கணக்கை நான் போடுகிறேன்.

இது எப்படித் தொடங்கும் என்று சபைக்குத் தெரியும். ரெண்டு வருடமாக நலம் விசாரிக்காத மச்சான் திடீரென்று ஃபோன் எடுப்பார். "மச்சான், உன்னோட ஒரு விசயம் கதைக்க வேணும். ஃபோனில சொல்ல ஏலாது. நேர வாறன்." ஃபோனில் சொல்ல ஏலாத விசயம் என்றதும் வீட்டுக்காரி பயந்து போவாள், ஆருக்கோ வருத்தமாக்கும் என்று. அவர் வருவார். தேத்தண்ணி குடிப்பார். பையில் இருந்து ஒரு கொப்பியை எடுத்து நடுவில் ஒரு வட்டம் போடுவார். "இது நீ." அதற்குக் கீழே ஆறு வட்டம். "நீ ஆறு பேரைச் சேர். அந்த ஆறு பேரும் ஆறாறு பேரைச் சேர்க்கட்டும். பிறகு நீ ஒண்டும் செய்யத் தேவையில்லை, காசு தானா வரும்."

கொப்பியில் இடம் முடிகிற இடத்தில் மச்சான் பேனையை மூடிவிடுவார். நான் மூடமாட்டேன், ஐயா. தொடர்ந்து எழுதுகிறேன்.

ஆறு பேர்: வீட்டாரும் பக்கத்து வீட்டாரும். அடுத்த படி 36: சொந்தக்காரர் முடிந்தார்கள். அடுத்தது 216: கோயிலில் பாட்டுப் பாடுகிறவர்கள், பள்ளிக்கூட வாத்திமார், பேருக்குப் பந்து அடிக்கிற விளையாட்டுக் கழகப் பொடியன்கள் எல்லாரும் உள்ளே. அடுத்தது 1,296. பேசாலை, வங்காலை, விடத்தல்தீவு என்று வீடு வீடாக ஏறி இறங்க வேண்டும். அடுத்தது 7,776. நானாட்டான் வயலுக்குள் இறங்கி, அறுவடை செய்கிறவனை நிறுத்திக் கதைக்க வேண்டும். ஆறாம் படி 46,656. ஏழாம் படியில் எத்தனை தெரியுமோ? 279,936. மன்னார் மாவட்டத்தில் 2012 கணக்கெடுப்பின்போது இருந்த சனம் ஒரு இலட்சத்துக்குக் கிட்ட. தொட்டில் பிள்ளையையும் சேர்த்துத்தான். ஏழாம் படியில் நிற்கிறவனுக்கு ஆள் தேட எங்களுடைய மாவட்டம் காணாது!

"வவுனியா இருக்கு, யாழ்ப்பாணம் இருக்கு, கொழும்பு இருக்கு" என்று தம்பி தலையை ஆட்டுகிறார். நல்லது. பத்தாம் படிக்குப் போவோம். 6 கோடியே 4 இலட்சம் பேர் வேண்டும். நாட்டின் சனத்தொகையே 2 கோடியே 20 இலட்சத்தைச் சுற்றித்தான் நிற்கிறது. சிங்களம், தமிழ், முஸ்லிம் எல்லாரும் ஒற்றுமைப்பட்டு ஒரே சங்கிலியில் சேர்ந்தாலும், இன்னும் கிட்டத்தட்ட இரண்டு இலங்கை குறைகிறது.

அப்போது என்ன செய்வார்கள்? தலைமன்னாரில் வள்ளம் ஏறி அந்தப் பக்கம் போவார்கள். இராமேஸ்வரத்தில் இறங்கி, "அண்ணே, ஒரு விசயம் கதைக்க வேணும்" என்பார்கள். அங்கே இருக்கிறவர்கள் கும்பிடு போட்டு அனுப்பி விடுவார்கள். ஏனென்றால் அங்கே ஏற்கெனவே பார்த்துவிட்டார்கள். ஈரோட்டுப் பக்கம், பெருந்துறையில், ஈமு கோழி வளர்த்தால் மாதம் மாதம் பணம் என்று ஒரு கொம்பனி. 2012 இல் கொம்பனி விழுந்தது, முதல் போட்டவர்கள் பொலிஸ் வாசலில் நின்றார்கள், கைவிடப்பட்ட ஈமுக்களுக்கு அரசாங்கம் தீனி போட வேண்டியதாயிற்று. கோயம்புத்தூரில் ஃபோனில் விளம்பரம் பார்த்தால் காசு என்று இன்னொன்று. 2024 ஜனவரியில் அதன்மேல் வழக்கு வந்தபோது, காசு போட்டவர்களே ஆயிரக்கணக்கில் திரண்டு கொம்பனிக்காகக் கோசம் போட்டார்கள்! வழக்கு நடந்தால் தன் காசு போய்விடுமே என்ற பயம். நடுவர் ஐயா, பறிகொடுத்தவனே திருடனுக்குப் பிணை நிற்கிற தொழில் உலகத்தில் இது ஒன்றுதான்.

ஆகவே இராமேஸ்வரமும் இல்லை. திரும்பி மன்னார் டவுனுக்கு வருகிறார்கள். மனிசர் முடிந்துவிட்டார்கள். மிச்சம் இருப்பது யார்? எங்களுடைய கழுதைகள்! பஸ் நிலையத்தடியில், பள்ளிமுனை றோட்டில், நடு வீதியில் ஹோர்ன் அடித்தாலும் அசையாமல் நிற்கிற மன்னார்க் கழுதைகள். மச்சான் கொப்பியை விரிப்பார், வட்டம் போடுவார், "இது நீ" என்பார். கழுதை கேட்கும். பொறுமையாகக் கேட்கும். நல்ல கேட்பாளர் அது. கடைசியில் கொப்பியைத் தின்றுவிட்டுப் போய்விடும். ஐயா, அந்தக் கழுதைக்கு இருந்த தெளிவு அந்தக் கோட்டுக்குள் இருந்திருந்தால் நான் இன்றைக்கு இந்த மேடைக்கு வந்திருக்கத் தேவையில்லை.

கோபிக்காதீர்கள் தம்பி. கோட்டைத்தான் சொன்னேன்.

சிரிப்பை நிறுத்திவிட்டு ஒரு நிமிடம் கேளுங்கள். இந்தச் சங்கிலி எந்தப் படியில் நின்றாலும் சரி, ஆறு ஆறாகப் போகிற சங்கிலியில் நூற்றுக்கு 83 பேர் கடைசிப் படியில்தான் நிற்பார்கள். அவர்களுக்குக் கீழே ஒருவரும் இல்லை. அவன் சோம்பேறி என்பதால் இல்லை, அவளுக்குப் பேசத் தெரியாது என்பதால் இல்லை. வட்டம் போட்ட அன்றைக்கே அந்த 83 பேருடைய காசும் போய்விட்டது. ஆனால் மீற்றிங்கில் என்ன சொல்வார்கள்? "உனக்கு முயற்சி காணாது." காசையும் எடுத்து, பழியையும் அவன் தலையில் கட்டி அனுப்புகிறார்கள்.

சேரும்போது கொடுக்கிற காசோடு முடிந்ததா? இல்லை. மாதா மாதம் சாமான் வாங்கினால்தான் நீ "அக்டிவ்". வாங்காவிட்டால் உனக்கு வரவேண்டிய கொமிசனும் வராது. உனக்குக் கீழே இடப்பக்கமும் வலப்பக்கமும் ஆள் சமமாக நிற்க வேண்டும். வலப்பக்கம் பத்துப் பேர், இடப்பக்கம் ஒருவர் என்றால் அந்த ஒருவருடைய கணக்குத்தான் கணக்கு. அதனால் என்ன செய்கிறார்கள்? அம்மாவின் பெயரில் ஒரு பேக்கேஜ், கண் தெரியாத ஆச்சியின் பெயரில் ஒரு பேக்கேஜ், தன் காசிலேயே போட்டு இடப்பக்கத்தை நிரப்புகிறார்கள். ஆச்சிக்குத் தெரியாது, தான் ஒரு "டிஸ்ட்ரிபியூட்டர்" என்று! கொழும்பில் செமினார், வான் வாடகை, ஹோட்டல் சாப்பாடு, எல்லாம் தன் செலவு. அறைக்குள் பெட்டி பெட்டியாகத் தேயிலையும் மாத்திரையும் திகதி முடிந்து கிடக்கும்.

அந்தக் காசு எங்கே இருந்து வந்தது? இங்கேதான் எனக்குச் சிரிப்பு வருகுதில்லை. இந்த மடுக் கோயில் வளவுக்குள் ஆயிரக்கணக்கான சனம் தறப்பாள் கட்டி இருந்த காலம் உங்களுக்கு நினைவு இருக்கும். ஷெல்லுக்குள்ளால் ஓடி வரும்போது வீட்டை விட்டோம், மாட்டை விட்டோம், வள்ளத்தை விட்டோம். அம்மாமார் இடுப்பில் முடிந்து கொண்டுவந்தது ரெண்டு சோடிக் காப்பும் ஒரு சங்கிலியும். யுத்தத்தால் எடுக்க முடியாத அந்த நகையை, தேத்தண்ணி குடிக்க வந்த ஒரு மச்சான் எடுத்துக்கொண்டு போய் அடகுக் கடையில் வைக்கப் பண்ணினார்! குவைத்தில் இன்னொருத்தியின் குசினியில் நின்று அக்கா அனுப்பின காசு அது. நுண்கடன் கொம்பனிக்காரன் கிழமைக்குக் கிழமை வாசலில் வந்து நிற்கிற கடன் அது. 2018 இல் அரசாங்கமே பார்த்து, வறட்சி மாவட்டப் பெண்களின் ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்யுமளவுக்கு எங்களுடைய பெண்கள் கடனில் தாழ்ந்தார்கள். அந்தத் தோளில் இன்னொரு பெட்டியை ஏற்றுகிறவன் பெயர் தொழில்முனைவோனாம்!

எதிரணி அக்கா முதலில் பேசும்போது சொன்னார், "இதுவும் எங்கட சீட்டு மாதிரித்தான்" என்று. அக்கா, சீட்டில் பத்துப் பேர் போட்டால் பத்துப் பேரும் எடுக்கிறார்கள். சீட்டுப் பிடிக்கிற தாய்ச்சி ஓடினால் அவ வீடு எங்கே என்று எங்களுக்குத் தெரியும். உங்களுடைய தாய்ச்சி எந்த நாட்டில் இருக்கிறார்?

"எந்த வியாபாரத்திலும் நட்டம் வரும்தானே" என்றும் சொன்னார்கள். சிலாபத்துறைக் கரையில் வெள்ளைக்காரன் காலத்து முத்துக்குளிப்பில், சிப்பியைத் திறக்காமலே ஆயிரம் ஆயிரமாக ஏலம் விட்டார்கள். உள்ளே முத்து இருக்குமோ இல்லையோ எடுத்தவனுக்குத் தெரியாது. சுத்தச் சூதுதான், மறுக்கவில்லை. ஆனாலும் அவன் கையில் சிப்பி இருந்தது. "நீ இன்னும் ஆறு பேரைச் சிப்பி வாங்கப் பண்ணினால்தான் உன்னுடைய சிப்பிக்குள் முத்து விளையும்" என்று ஒருவனும் அவனுக்குச் சொல்லவில்லை.

சரி, "எங்களிடம் நல்ல சாமான் இருக்கு, உலகம் முழுக்க விற்கிறது" என்கிறார்கள். இதே வழியில் ஆள் சேர்த்துச் சாமான் விற்ற ஹெர்பலைஃபை விடப் பெரிய பெயரோ உங்களுடையது? 2016 இல் அமெரிக்காவின் வர்த்தக ஆணைக்குழு அந்தக் கொம்பனியிடம் 20 கோடி டொலர் வாங்கி, பிறகு ஏமாந்தவர்களுக்குக் காசோலை அனுப்பியது. கிட்டத்தட்ட 350,000 பேருக்கு. அந்தக் கொம்பனியில் "விற்பனைத் தலைவர்" என்று பட்டம் வாங்கியவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு, 2014 ஆம் ஆண்டு முழுவதற்கும் கொம்பனி கொடுத்த கொடுப்பனவு சராசரியாக 300 டொலருக்கும் குறைவு. தலைவருக்கே இந்தக் கதி என்றால் தொண்டன் என்ன தின்பான்?

நாட்டுச் சட்டத்துக்கு வாருங்கள். தம்பி அந்தப் பக்கமே போகவில்லை, புத்திசாலி. 1988 ஆம் ஆண்டின் 30 ஆம் இலக்க வங்கித்தொழில் சட்டம், 83இ பிரிவு. இந்த மாதிரிச் சங்கிலியை, அதாவது பிரமிட் திட்டத்தை, தொடங்கினவன் மட்டும் குற்றவாளி இல்லை. அதை நடத்தினவன், விளம்பரப்படுத்தினவன், நேராகவோ மறைவாகவோ ஊக்குவித்தவன் எல்லாரும் குற்றவாளிகள். மூன்று வருடம் வரை மறியல், அல்லது பத்து இலட்சம் ரூபா வரை தண்டம், அல்லது இரண்டும். வேண்டுமென்று பிறருக்கு நட்டம் உண்டாக்கினால் தண்டனை இன்னும் கூடும். கொப்பியில் வட்டம் போட்ட மச்சான் தன்னுடைய காசைத் தொலைத்தது மட்டும் இல்லை, தான் சேர்த்த ஆறு பேரும் நாளைக்குப் பொலிசுக்குப் போனால் கூட்டில் ஏறுவது அவர்தான். கொம்பனிக்காரன் விமானத்தில் இருப்பான்.

மத்திய வங்கி 2023 இல் இப்படித் தடைசெய்யப்பட்ட திட்டங்களை நடத்தினவர்களைப் பெயர் பெயராகப் பட்டியல் போட்டது. டியன்ஸ் லங்கா, பெஸ்ட் லைஃப் இன்டர்நெஷனல், குளோபல் லைஃப்ஸ்டைல் லங்கா, ஒன்மெக்ஸ் டி.ரி. இன்னும் இருக்கிறது, வாசித்தால் நடுவர் மணி அடித்துவிடுவார். அதே வருடம் ஆகஸ்ட். இங்கே ஆவணித் திருவிழாவுக்குச் சனம் கூடிய அதே மாதம், எம்.ரி.எஃப்.ஈ. என்ற அப் விழுந்தது. ஆள் சேர்த்தவர்களுக்கு "சீ.ஈ.ஓ." பட்டம் கொடுத்த அப் அது, வங்காளதேசத்தில் மட்டும் நூற்றுக்கணக்கான சீ.ஈ.ஓ.! விழுந்த அன்று காசு போட்டவர்கள் ஃபோனைத் திறந்து பார்த்தால், மீதி பூச்சியம் கூட இல்லை. கழித்தல் குறி. போட்ட காசும் போய், இவன் கொம்பனிக்குக் கடன்காரன் என்று ஃபோன் சொல்கிறது! களவெடுத்தவன் பில்லும் அனுப்பினான், ஐயா!

தனி மனிசன் மட்டும் இல்லை, நாடே விழும். அல்பேனியாவில் 1997 இல் நடந்தது. சனத்தில் மூன்றில் இரண்டு பங்கு இப்படியான திட்டங்களில் காசு போட்டிருந்தார்கள். திட்டங்கள் விழுந்தன, ஆயுதக் கிடங்குகள் உடைபட்டன, ஏறத்தாழ 2,000 பேர் செத்தார்கள், அரசாங்கம் கவிழ்ந்தது. ஆயுதக் கிடங்கு உடைந்தால் என்ன நடக்கும் என்று இந்த மண்ணுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

முதல் மணி அடித்துவிட்டீர்கள், தெரிகிறது. ஒரே ஒரு கேள்வியோடு இறங்குகிறேன். அடுத்ததாக எழும்பப் போகிற எதிரணித் தலைவர் அவர்களே, நீங்கள் இதில் நாலு வருடம் இருக்கிறதாகப் பெருமையோடு சொன்னீர்கள். கனவு வேண்டாம், கார்ப் படம் வேண்டாம், துபாய்ப் படம் வேண்டாம். நீங்கள் சேர்த்த முதல் ஆறு பேர் மன்னாரில்தான் இருப்பார்கள். இந்தச் சபையிலும் ரெண்டு மூன்று பேராவது இருக்கக் கூடும். அவர்களைக் கை உயர்த்தச் சொல்லுங்கள். போட்டது எவ்வளவு, எடுத்தது எவ்வளவு என்று அவர்களே இந்த மைக்கில் சொல்லட்டும். மைக்கை இங்கேயே விட்டுவிட்டுப் போகிறேன்.