சஹனில் ஓர் இடம்



பொன்விழா ஆண்டில் எச்ஐவி பற்றிப் பேசத்தான் வேண்டுமா என்று எங்கள் செயற்குழுவிலேயே சிலர் கேட்டார்கள். பேசுவதென்றே முடிவு செய்தோம். அதுவும் அந்தக் கிருமியோடு வளரும் பிள்ளைகளைப் பற்றி.

டன்லப் ஸ்திரீட்டில் அப்துல் கஃபூர் பள்ளிவாசலில் தொழுதுவிட்டுப் புறப்பட்டால் கேகே மருத்துவமனைக்கு நடந்தே போய்விடலாம். நம்மில் பலர் பிறந்ததும் கேகேயில்தான். சிங்கப்பூரில் 2004 இறுதியிலிருந்து கர்ப்பிணிகளுக்கு வழக்கமான இரத்தப் பரிசோதனையோடு எச்ஐவி பரிசோதனையும் செய்கிறார்கள். வேண்டாம் என்று சொல்லத் தாய்க்கு உரிமை உண்டு. தயவுசெய்து சொல்லாதீர்கள். சிகிச்சை இல்லாவிட்டால் பிள்ளைக்குத் தொற்றும் வாய்ப்பு நூற்றுக்கு 15 முதல் 45 வரை. காலத்தோடு மருந்து எடுத்தால் 5க்கும் கீழே இறங்கிவிடுகிறது. ஆகவே இங்கே எச்ஐவியோடு பிறக்கும் பிள்ளைகள் மிகச் சிலரே. ஆனால் நம் உறவுகள் இந்தத் தீவோடு முடிவதில்லை. இந்தியாவில் இந்தக் கிருமி முதன்முதலில் கண்டறியப்பட்டது 1986இல், சென்னையில். தாம்பரம் மருத்துவமனையில் 2004இல் இலவச மருந்து கொடுக்கத் தொடங்கினார்கள். அப்போது பிள்ளைகளாக இருந்தவர்கள் இன்று திருமண வயதில் இருக்கிறார்கள்.

மருந்தும் முன்புபோல் இல்லை. கசக்கும் திரவத்தைக் குழந்தை துப்பும், தாய் அழுவாள். இப்போது தண்ணீரில் கரையும் மாத்திரை ஸ்ட்ராபெரி சுவையில் வந்திருக்கிறது.

பிள்ளைகளின் வாழ்க்கைத்தரத்தை அளக்க மருத்துவர்கள் பல நாடுகளில் பயன்படுத்தும் கேள்வித்தாள் ஒன்று உண்டு. மொத்தம் 23 கேள்விகள். ஓட முடிகிறதா, பயமாக இருக்கிறதா, தூக்கம் வருகிறதா, மற்றப் பிள்ளைகள் உன்னோடு சேர மறுக்கிறார்களா, கேலி செய்கிறார்களா, மருத்துவரிடம் போவதற்காகப் பள்ளியைத் தவறவிடுகிறாயா. பிள்ளைக்கு ஒரு தாள், பெற்றோருக்கு ஒரு தாள். இரண்டிலும் விடைகள் பல நேரம் ஒத்துப்போவதில்லை. ஓடுவதற்கு மருந்து உதவும். சேர்த்துக்கொள்வதற்கு எந்த மாத்திரை இருக்கிறது?

பெற்றோர் பலர் 'சத்து மாத்திரை' என்று சொல்லியே வளர்க்கிறார்கள். பள்ளி செல்லும் வயதிலேயே, புரியும் அளவுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லிவிடுங்கள் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். சொன்னால் பிள்ளை வெளியே சொல்லிவிடுமோ என்று தாய் நடுங்குகிறாள். அந்தப் பயத்தை நாம் குறை சொல்ல முடியாது. எச்ஐவி உள்ள 14,200 பேரின் விவரங்கள் இணையத்தில் கசிந்தன என்ற செய்தியை 2019 ஜனவரியில் நாம் எல்லோரும் படித்தோமே.

நம் சங்கத்தின் கதையையும் சொல்லிவிடுகிறோம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தாயார் மகனின் துணைப்பாட வகுப்புக்கு உதவி கேட்டு வந்தார். நம் படிவத்தில், 'வீட்டில் நோயாளி உண்டா, என்ன நோய்' என்று ஒரு வரி. அந்த இடத்தில் பேனா நின்றது. வீட்டில் நிரப்பிக்கொண்டு வருகிறேன் என்று எடுத்துப்போனார், திரும்பவில்லை. அது எச்ஐவியாக இருந்திருக்க வேண்டும் என்பதில்லை. ஒரு பிள்ளையின் படிப்புக்கு அந்தக் கேள்வி எதற்கு என்று அன்று நமக்குத் தோன்றவில்லை என்பதுதான் வருத்தம்.

நாலு பேர் ஒரே சஹனில் கைவைத்துச் சாப்பிடுகிறவர்கள் நாம். அந்தச் சோற்றில் எச்ஐவி பரவாது. நோன்புக் கஞ்சிக் கோப்பையில் பரவாது, முஸாஃபஹாவில் பரவாது, கொசுக்கடியிலும் பரவாது. இதைத் தெரிந்த வீடுகளிலேயே, "எதற்கும் அந்தப் பிள்ளைக்குத் தனித்தட்டு வையுங்கள்" என்ற குரல் எழும். தனித்தட்டைப் பார்த்த பிள்ளை அந்த வீட்டு விருந்துக்கு மறுபடி வராது.

படிவத்தை மாற்றிவிட்டோம். எத்தனை பிள்ளைகள், எந்த வகுப்பு, எவ்வளவு தேவை என்பதை மட்டும் எழுதினால் போதும். துணைப்பாட ஆசிரியர்களிடமும் சொல்லியிருக்கிறோம்: மாதத்தில் ஒருநாள் மருத்துவமனைக்குப் போகும் பிள்ளையிடம் காரணம் கேட்கவேண்டாம், விட்டுப்போன பாடத்தைச் சொல்லிக்கொடுங்கள். புதிய படிவம் அலுவலகத்தில் இருக்கிறது. அந்தத் தாயாரைத் தெரிந்தவர்கள் யாரேனும் இருந்தால் ஒன்றை அவரிடம் கொண்டுபோய்க் கொடுங்கள். வஸ்ஸலாம்.