லொறியின் மேலிருந்து ஒரு குரல்



1968 ஏப்ரல் 4ஆம் திகதி மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டார். அன்றிரவு இண்டியானாபொலிஸ் நகரில், தேர்தல் கூட்டத்துக்கு வந்திருந்த கறுப்பின மக்களிடம் அச்செய்தியைச் சொல்லும் பொறுப்பு ரொபர்ட் கென்னடிக்கு வாய்த்தது. லொறியொன்றின் மேல் நின்று பேசினார். தம் தமையனைக் கொன்றவனும் ஒரு வெள்ளையனே என்றார். கிரேக்க நாடகாசிரியர் ஈஸ்கிலஸின் வரிகளை நினைவிலிருந்து சொன்னார். பழியுணர்ச்சியை விட்டு, கிங்கின் குடும்பத்துக்காகப் பிரார்த்திக்கும்படி வேண்டினார்.

நூற்றுக்கு மேற்பட்ட நகரங்களில் கலவரம் மூண்டது. இண்டியானாபொலிஸ் அமைதி காத்தது. இரண்டு மாதங்களில் அவரும் சுடப்பட்டு இறந்தார்.

தம் புண்ணைக் காட்டிப் பிறர் புண்ணை ஆற்ற முயன்ற அத்தலைவருக்கு, ஏறத்தாழ 2,400 ஆண்டுகளுக்கு முந்திய கவிதை கைகொடுத்தது. இலக்கியத்தால் என்ன பயன் என்று கேட்போருக்கு இதுவே என் விடை.