இரண்டு பாட்டும் ஒரு வாக்கெடுப்பும்



"இவ்விரண்டில் எது சிறந்த பாட்டு?" என்னும் வினாவை ஒருமுறையேனும் எழுப்பாதவர் உங்களுள் இரார். விடுதி அறையிலும், பேருந்திலும், கொடைவிழாப் பந்தலின் ஒலிபெருக்கியடியிலும் இவ்வழக்கு நாள்தோறும் நடைபெறுகிறது. வாதத்தால் தீராதபோது, "கை தூக்குங்கள், எண்ணிப் பார்த்துவிடுவோம்" என்று ஒருவர் எழுவார். நானும் வகுப்பறையில் ஒருமுறை அவ்வாறு எண்ணிப் பார்த்தவன். எண்ணியதில் பிழை நேரவில்லை. எண்ண முற்பட்டதிலேயே பிழை நேர்ந்தது. அதனை இன்று உங்களிடம் சொல்ல விரும்புகிறேன்.

நான் ஓய்வு பெற்றபின் வாழ்வது மணிமுத்தாற்றில். 1958-ஆம் ஆண்டில் இங்கே அணை எழுந்தது; அதன்பின் ஓரிரு ஆண்டுகளில் பிறந்தவன் நான். எங்கள் இளமையில் தேநீர்க்கடை வானொலியே ஊருக்கு இசைப்பள்ளி. மேற்கே மலை மறித்து நிற்க, கிழக்கே கடல்தாண்டி வரும் இலங்கை வானொலியின் தமிழ் ஒலி, பக்கத்துத் தெருவிலிருந்து வருவதுபோல் தெளிவாகக் கேட்கும். மயில்வாகனன், கே. எஸ். ராஜா, அப்துல் ஹமீது என்னும் பெயர்கள் எங்களுக்கு உறவினர் பெயர்கள் போன்றவை.

இந்த நட்புக்கு ஒரு வரலாறு உண்டு. 1952-ஆம் ஆண்டில் மத்திய அமைச்சராக இருந்த கேஸ்கர், திரைப்பாட்டு மக்களின் சுவையைக் கெடுக்கும் எனக் கருதியதால், அகில இந்திய வானொலியில் அப்பாட்டுகள் ஏறத்தாழ மறைந்தன. மக்கள் என்ன செய்தனர்? சுவையைத் திருத்திக் கொள்ளவில்லை. வானொலிப் பெட்டியின் குமிழைத் திருகிக் கொழும்புக்குச் சென்றுவிட்டனர். அதே 1952-இல் அங்கே அமீன் சயானி 'பினாக்கா கீத்மாலா' என்னும் இந்தி நிகழ்ச்சியைத் தொடங்கினார். பாட்டுகளை மக்கள் விருப்பத்தின்படி படிவரிசையில் நிறுத்துவதே அதன் கவர்ச்சி. எந்தப் பாட்டு ஒரு படி ஏறிற்று, எது இறங்கிற்று என்று அறிய நாடே காத்திருந்தது. 1957-இல் 'விவித பாரதி' பிறந்து, திரைப்பாட்டு மீண்டும் நம் நிலையங்களுக்குள் வந்தது. அரசு வானொலியிலேயே இப்பழங்கதையைச் சொல்வதை நிலையத்தார் பொறுத்தருள்வார்கள் என நம்புகிறேன்.

இனி 2002-ஆம் ஆண்டுக்கு வருவோம். பி.பி.சி. உலக சேவைக்கு அவ்வாண்டு எழுபது நிறைந்தது. அதனையொட்டி, உலகிலேயே மக்கள் மிக விரும்பும் பாட்டு எது என்று நேயர்களிடம் வாக்குக் கேட்டனர். 150-க்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து வாக்குகள் வந்தன. டிசம்பரில் முடிவு வெளியாயிற்று. முதலிடம் பெற்றது, 1840-களில் எழுதப்பட்டு 'வுல்ஃப் டோன்ஸ்' குழுவினர் பாடிய அயர்லாந்தின் விடுதலைப்பாட்டு. இரண்டாவது, 'வந்தே மாதரம்'. மூன்றாவது, 'தில் தில் பாகிஸ்தான்'. நான்காவது, 'தளபதி' படத்தில் இளையராஜா இசையமைத்த 'ராக்கம்மா கையத் தட்டு'. ஐந்தாவது, ஈழத்துத் திருமலை சந்திரன் பாடிய 'பூவும் நடக்குது பிஞ்சும் நடக்குது'. மேனாட்டில் பெரும்புகழ் வாய்ந்த 'குவீன்' குழுவினரின் பாட்டுக்குப் பத்தாவது இடமே கிடைத்தது.

உலகத்து மொழிகள் அனைத்தும் கலந்துகொண்ட தேர்தலில் நான்காவதும் ஐந்தாவதும் தமிழ்ப்பாட்டுகள்! அந்நாளில் இரவு ஒன்பதேகால் மணிக்குத் தமிழோசை கேட்பதை வழக்கமாகக் கொண்டிருந்த எனக்கு, ஒரு வாரம் கால் தரையில் பாவவில்லை. மகிழ்ச்சி அடங்கியபின்தான் அருகருகே நின்ற அவ்விரண்டின் வேற்றுமையும் உறைத்தது.

ஒன்று, 1991-இல் வந்த திரைப்படத்தின் ஆட்டப்பாட்டு. எழுதியவர் வாலி, பாடியவர்கள் எஸ். பி. பாலசுப்பிரமணியமும் சுவர்ணலதாவும். இரவு நேரம், கூட்டம், கைதட்டு, துள்ளல். ஏராளமான இசைக்கருவிகள் அலையலையாக எழுந்து வருகின்றன. மற்றொன்று, வீடிழந்து நடக்கும் மக்களின் பாட்டு. 1995-ஆம் ஆண்டு அக்டோபர் இறுதியில், போர் நெருங்கியபோது, யாழ்ப்பாணத்து வலிகாமம் பகுதியிலிருந்து இலட்சக்கணக்கான மக்கள் கைக்குழந்தையோடும் முதியோரோடும் தென்மராட்சி நோக்கி நடந்தனர் என்பதை நீங்கள் வரலாற்றில் படித்திருக்கலாம். பூவென்றும் பிஞ்சென்றும் யாரைச் சொல்கிறது என்பது அப்பாட்டின் தலைப்பைக் கேட்டவுடனே விளங்கும். ஒன்றைக் கேட்டால் கால் ஆடும். மற்றொன்றைக் கேட்டால் கால் நின்றுவிடும்.

அவ்வாண்டில் நான் எங்கள் மாவட்டத்துப் பள்ளியொன்றில் ஒன்பதாம் வகுப்புக்குத் தமிழ் கற்பித்துக் கொண்டிருந்தேன். நண்பர் ஒருவர் இரு பாட்டுகளையும் ஒலிநாடாவில் பதிந்து தந்தார். உலகம் வாக்களித்தது, நாமும் வாக்களிப்போமே என்று எண்ணி, வகுப்புக்கு அந்நாடாவைக் கொண்டு சென்றேன். இரண்டையும் ஒலிக்கச் செய்தபின், கரும்பலகையில் இரு கட்டங்கள் வரைந்து, கை தூக்கச் சொன்னேன்.

அங்கேதான் தவறினேன். வகுப்பில், அருகிலிருந்த முகாமிலிருந்து வரும் ஈழத்து மாணவன் ஒருவன் இருந்தான். வாக்கெடுப்புக்கு முன், "இரண்டாவது பாட்டு இவனுடைய ஊரார் பாட்டு, நினைவில் வைத்துக்கொண்டு கை தூக்குங்கள்" என்று அவனைச் சுட்டிக் காட்டிச் சொல்லிவிட்டேன். பரிவினால் சொன்னதாகவே அப்போது எண்ணினேன். நாற்பத்தாறு பேர் திரும்பி அவனைப் பார்த்தனர். ஆசிரியப் பயிற்சியில் எனக்குக் கற்பித்தவர்கள் கேட்டிருந்தால் தலையில் அடித்துக் கொண்டிருப்பார்கள்.

'ராக்கம்மா'வுக்கு நாற்பத்திரண்டு கைகள் எழுந்தன. அவற்றுள் அவனுடைய கையும் ஒன்று. 'பூவும் நடக்குது' பாட்டுக்கு ஐந்தே கைகள். அவ்வைவரும் அவனுக்காகவே கை தூக்கியவர்கள்; அவன் மறுபக்கம் நின்றதைக் கண்டு திகைத்தனர். நானும் திகைத்தேன். அத்துடன் விட்டேனா? "ஏனப்பா?" என்று கேட்டேன்.

அவன் எழுந்து நின்றான். "சேர், அந்தப் பாட்டுக்கு நடுவிலை அப்பர் தேவாரம் வருது. எங்கட அம்மம்மா பின்னேரத்திலை படிக்கிறவ" என்றான். சற்று நேரம் கழித்து, நான் கேளாமலேயே, "மற்றப் பாட்டு எனக்குத் தெரியும் சேர். நாங்கள் நடந்துதான் வந்தனாங்கள்" என்று சொல்லி அமர்ந்துவிட்டான்.

நாடாவைப் பின்னோக்கிச் சுற்றி மீண்டும் ஒலிக்கச் செய்தேன். ஆம், ஆட்டம் சற்றே அடங்குமிடத்தில், பலர் சேர்ந்து பாடும் குரலில், தில்லைக் கூத்தனைப் பற்றிய நான்காம் திருமுறைப் பாட்டு எழுகிறது. ஏழாம் நூற்றாண்டுத் தமிழ் அது. பத்தாண்டுகளுக்கு மேலாகத் தெருத்தெருவாய் ஒலித்த பாட்டு. தமிழாசிரியனாகிய நான் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். அதனைத் தேவாரமென்று நின்று கேட்டதில்லை. கைதட்டும் பாட்டு என்று பெயர் வைத்துச் செவியை மூடிக்கொண்டிருந்தேன். சிறு வயதிலேயே வீட்டிலும் பள்ளியிலும் தேவாரம் பயின்ற ஈழத்துப் பிள்ளையின் காது அதனை முதற்கேள்வியிலேயே கண்டுகொண்டது. அவன் கை தூக்கியது துள்ளலுக்கு அன்று, அம்மம்மாவின் மாலைப்பொழுதுக்கு.

அப்படியானால் நான் கரும்பலகையில் எழுதிய நாற்பத்திரண்டு என்னும் எண் எதனை எண்ணியது? சிலர் திரைப்படத்துக்கு வாக்களித்தனர், சிலர் நடிகருக்கு, சிலர் பக்கத்து இருக்கை நண்பனுக்கு; ஒருவன் தன் பாட்டிக்கு. உலக வாக்கெடுப்பும் இதனின் வேறன்று. அயர்லாந்துப் பாட்டுக்கு அன்பர்கள் இணையத்தின் வழியே வாக்குத் திரட்டினர். முதல் மூன்று இடங்களும் நாட்டுப்பற்றுப் பாட்டுகளுக்கே சென்றதைப் பாருங்கள்: தம் மக்களைக் கூட்டிச் சேர்க்க வல்ல பாட்டுகளே மேலே நின்றன. அதில் குற்றமில்லை. கனடாவிலும் இலண்டனிலும் குடியேறிய ஈழத்தமிழரிடம் வானொலிப் போட்டியொன்று ஒரு வாக்கு இருக்கிறது என்று சொன்னால், தம் ஊரை எண்ணி வாக்களிப்பதன்றி அவர்கள் வேறென்ன செய்வார்கள்? ஆயின் வாக்கு அளப்பது பற்றை, இசையை அன்று.

தொல்காப்பியர் மெய்ப்பாடுகளை எட்டாக வகுத்தார். அவற்றுள் அழுகையும் ஒன்று, உவகையும் ஒன்று. இரண்டுள் எது உயர்ந்தது என்று அவர் நூற்பா செய்யவில்லை. அந்நாளிரவு எனக்குப் புறநானூற்றின் 194-ஆம் பாட்டும் நினைவுக்கு வந்தது. பக்குடுக்கை நன்கணியார் பாடியது. ஒரு வீட்டில் சாப்பறை. அடுத்த வீட்டில் மணமுழவு. இரண்டும் ஒரே வேளையில் அவர் செவியில் விழுகின்றன. இப்படி உலகைப் படைத்தவனைப் பண்பில்லாதவன் என்றே கடிந்துகொள்கிறார். எந்தப் பறை நன்றாக ஒலித்தது என்று மட்டும் கேட்கவில்லை. எங்கள் பக்கத்து ஊர்களில் கொடை நடக்கும்போது தெருவில் ஓர் இறப்பு நேர்ந்தால், யாரும் வாக்கெடுப்பதில்லை. பெரியவர் ஒருவர் வந்து ஒலிபெருக்கியை நிறுத்தச் சொல்வார். மற்றொரு நாள் அதே பாட்டை அதே பெரியவர் கேட்டு ரசிப்பார்.

மறுநாள் வகுப்புக்குச் சென்றதும் முதலில் பலகையிலிருந்த கட்டங்களை அழித்தேன். அந்த மாணவனிடம், "நேற்று உன்னைச் சுட்டிக் காட்டியது என் தவறு" என்று எல்லார் முன்னிலையிலும் சொன்னேன். அவன் தலையை மட்டும் அசைத்தான். பிறகு, இரு பாட்டுகளில் ஏதேனும் ஒன்றைப் பற்றி, மற்றதன் பெயரைக் குறிப்பிடாமல் ஒரு பக்கம் எழுதுமாறு எல்லாரையும் கேட்டேன். முதல்நாள் 'ராக்கம்மா'வுக்குக் கை தூக்கியவர்களில் பதினொருவர் 'பூவும் நடக்குது' பற்றி எழுதியிருந்தனர். தாமிரபரணியில் 1992-ஆம் ஆண்டு நவம்பரில் பெருவெள்ளம் வந்தபோது, தன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு அன்னை நடந்ததாக வீட்டில் கேட்ட கதையை ஒரு மாணவி எழுதியிருந்தாள்.

அவன் தேவாரத்தைப் பற்றி எழுதினான். பாட்டை முழுவதும் எழுதி, அம்மம்மா எந்த இடத்தில் மூச்சு வாங்குவார் என்பதைச் சிறு கோடுகளால் குறித்திருந்தான். மதிப்பெண் இடும் வழக்கப்படி சிவப்பு மையைக் கையிலெடுத்தேன். பிறகு மூடி வைத்துவிட்டேன்.