கடற்கரைத் தூண்களும் நாட்டிங்ஹாம் கல்லும்

(புதுவையில் மில் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



நமது கடற்கரையில் காந்தியடிகள் சிலையைச் சுற்றி எட்டுக் கருங்கல் தூண்கள் நிற்கின்றன. அவை இந்த ஊர்த் தூண்கள் அல்ல. செஞ்சியிலிருந்து வந்தவை. 1750-ல் புஸ்ஸியின் தலைமையில் பிரெஞ்சுப் படை செஞ்சிக் கோட்டையைப் பிடித்தது. 1761-ல் ஆங்கிலேயரிடம் இழந்தது. கோட்டைக்குள் இருக்கும் வெங்கடரமணர் கோயிலின் தூண்கள் இவை என்பார்கள். 1870-ல் துய்ப்ளேக்ஸுக்குச் சிலை வைத்தபோது அதற்கு அலங்காரமாக நின்றவையும் இவையே. பிறகு துரை போனார், 1965-ல் காந்தியார் வந்தார். தூண்கள் மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கின்றன.

இவற்றைச் செதுக்கியவன் யார்? கோயில் கல்வெட்டுகளில் நிலம் கொடுத்தவன், விளக்குக்கு ஆடு விட்டவன் பெயர்களெல்லாம் இருக்கும். உளி பிடித்தவன் பெயர் அபூர்வம். கருங்கல்லில் நாலு அடி அடித்தால் உளிமுனை மழுங்கிவிடும். பக்கத்திலேயே கொல்லன் உலை வைத்துத் தீட்டிக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு தூணுக்குப் பின்னால் தச்சன், கொல்லன், கல் உடைத்தவன், வண்டி இழுத்த மாடு, அதற்கு வைக்கோல் போட்டவன் என்று ஒரு கூட்டமே இருக்கிறது.

இங்கிலாந்திலும் இப்படி ஒரு கதை உண்டு. நிலக்கடலைக்கு மண் அணைக்கும்போது ஜிப்சம் போடுகிறோமே, அந்த ஜாதிக் கல்தான் அலபாஸ்டர். கத்தியால் சீவலாம், அவ்வளவு மெது; மழையில் வைத்தால் கரையும். டெர்பி, நாட்டிங்ஹாம் பக்கத்தில் அதைத் தோண்டி எடுத்து, 14-ஆம் நூற்றாண்டிலிருந்து 16-ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை, ஏசுவின் பாடுகளையும் மாதாவின் கதையையும் பலகை பலகையாகச் செதுக்கினார்கள். வர்ணமும் பொன்னும் பூசினார்கள். பிரான்சுக்கும் ஸ்பெயினுக்கும் ஐஸ்லாந்துக்கும் கப்பல் ஏற்றினார்கள். 1367-ல் வின்ட்சர் அரண்மனைக் கோயிலுக்கு ஒரு பீட வேலைப்பாடு போனபோது 10 வண்டிகள், 80 குதிரைகள் தேவைப்பட்டன.

பக்தி மட்டும் என்று நினைக்காதீர்கள். அது நல்ல வியாபாரம். 1491-ல் நிக்கோலஸ் ஹில் என்ற நாட்டிங்ஹாம் சிற்பி, தன் சரக்கை விற்றுத் தரப் போனவன் மீது வழக்குப் போட்டான். சரக்கு என்ன தெரியுமா? ஸ்நானக அருளப்பரின் 58 தலைகள்! தறியில் புடவை இறங்குவது போல அங்கே புனிதர் தலை இறங்கியிருக்கிறது.

இந்தத் தொழில் எப்படி அழிந்தது? எட்டாம் ஹென்றி 1536 முதல் 1540 வரை மடங்களைக் கலைத்து நிலங்களைப் பறித்தான். அவை உழவனுக்கா போயின? பிரபுக்களும் பணக்காரரும் வாங்கிக்கொண்டார்கள். 1550-ல் அவன் மகன் ஆட்சியில், கோயில்களிலுள்ள உருவங்களை ஒழிக்கச் சட்டம் வந்தது. பலகைகளை உடைத்தார்கள். சில ஊர் மக்கள் மண்ணில் புதைத்துக் காப்பாற்றினார்கள். மிச்சத்தை விற்றார்கள்: மூன்று நான்கு கப்பல் நிறைய விக்ரகங்கள் பிரான்சுக்கு வந்து இறங்கின என்று அங்கிருந்த ஆங்கிலத் தூதரே அதே ஆண்டில் எழுதினார். வீட்டில் ஆகாத சாமி சந்தையில் ஆகும் போலும்.

இனி நம் ஊருக்கு வருவோம். வேதபுரீசுவரர் கோயிலை ஒழிக்கப் பாதிரிமார்கள் வெகுகாலம் முயன்றார்கள். 1701-லும் 1715-லும் வழிபாட்டுக்குத் தடை வந்தபோது நெசவாளரும் மற்ற உழைப்பாளரும் ஊரைவிட்டே போகிறோம் என்று கிளம்பினார்கள். அவர்கள் போனால் துணி ஏது? துணி இல்லாமல் பிரெஞ்சுக் கம்பெனிக்குக் கப்பல் ஏது? கவர்னர்கள் பணிந்தார்கள். சாமி பெயரில் நடந்தாலும், உழைப்பை நிறுத்தி உரிமை கேட்ட போராட்டம்தான் அது. 1936 ஜூலை 30-ல் மில் வேலைநிறுத்தத்தில் 12 தோழர்களைப் பலிகொடுத்த ஊருக்கு இந்தப் பழைய கணக்கும் தெரிய வேண்டும்.

ஆனால் 1748 செப்டம்பரில் ஆங்கிலேயர் ஊரை முற்றுகையிட்டிருந்தார்கள். ஜனங்கள் சிதறிக் கிடந்தார்கள். துய்ப்ளேக்ஸின் ஆட்சி அந்தச் சமயம் பார்த்துக் கோயிலை இடித்தது. துபாஷி ஆனந்தரங்கப் பிள்ளை அதைத் தமது நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார்.

2025-ல் செஞ்சிக் கோட்டை உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது. மகிழ்ச்சிதான். அதே கோட்டையின் தூண்கள் இங்கே உப்புக் காற்றில் நிற்கின்றன. அவை எங்கிருந்து, யாரால் கொண்டுவரப்பட்டன என்பதைத் தமிழில், எல்லாரும் படிக்கும்படி, அந்த இடத்திலேயே சர்க்கார் கல்லில் பொறிக்க வேண்டும் என்று நாம் கேட்க வேண்டும். மனுவை நான் எழுதி வந்திருக்கிறேன். கூட்டம் முடிந்ததும் கையெழுத்துப் போடுங்கள்.