போடிமெட்டு ஏறும்போது ரேடியேட்டருக்குள்ளே

போடிமெட்டு மலைப்பாதையில 17 கொண்டை ஊசி வளைவு. அங்கங்கே பானெட்டைத் திறந்து வெச்சு நிக்கிற காரைப் பார்த்திருப்பீங்க.

மேலே சுமார் 1,400 மீட்டர் உயரம். திறந்த பாத்திரத்துல தண்ணி 95 டிகிரியிலேயே கொதிச்சிடும். இன்ஜின் ஓடுறதே 90 பக்கத்துலதான். அப்போ கார் எப்படி ஏறுது? ரேடியேட்டர் மூடியாலதான். உள்ளே சுமார் 1 பார் கூடுதல் அழுத்தத்தைப் பிடிச்சு வெச்சிருக்கு. வெறும் தண்ணியோட கொதிநிலையே 115-ஐத் தாண்டிடும். கூலன்ட் கலந்தா இன்னும் மேலே.

சிலிண்டர் ஹெட்டை ஒட்டி வர்ற குட்டி நீராவிக் குமிழி, கொஞ்சம் ஆறின தண்ணி பட்டதும் உடைஞ்சிடும். மூடியோட ரப்பர் போயிட்டா கதை வேற. ஆவி உலோகத்தையே போர்த்திக்கும், சூடு தண்ணிக்கு இறங்காது. அந்த நேரம் மூடியைத் திறந்துடாதீங்க! அழுத்தம் சட்டுனு இறங்கி, கொதிக்கிற தண்ணி மூஞ்சிலேயே அடிக்கும். மேல் ஹோஸ் தொட்டா சுடாத அளவுக்கு ஆறட்டும்.

காற்றுக் குமிழி அப்படித் தானா மறையாது. தண்ணி ஊத்தும்போது மாட்டிக்கிட்டு, மேடான இடத்துல உட்கார்ந்துக்கும். டெம்பரேச்சர் சென்சார் அந்தக் காற்றுல மாட்டினா முள் இறங்கியே காட்டும், இன்ஜின் வெந்துக்கிட்டிருக்கும். (தப்பான இன்புட்டை நம்புற ப்ரோக்ராம் மாதிரி.) அதனால மெதுவா ஊத்துங்க, ஹீட்டரை முழுசா வெச்சு ஐடிலிங்ல விடுங்க, மறுபடி ஆறினதும் அளவு பாருங்க.