சாட்சிக் கூண்டில் ஒரு வாசகர்



ஓர் இனத்தை இழிவாகக் காட்டும் பழைய நாவலை இன்னும் படிக்கத்தான் வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். படிக்க வேண்டும் என்பது என் கட்சி. அதற்கு நான் அழைக்கும் சாட்சி, அத்தகைய நாவல்களால் காயம்பட்ட மனிதர்: நைஜீரியாவின் சினுவா அச்செபே.

1950-களின் தொடக்கம். இபாடான் பல்கலைக்கழகக் கல்லூரியில் ஜாய்ஸ் கேரியின் 'மிஸ்டர் ஜான்சன்' பாடம். நைஜீரியாவில் காலனி அதிகாரியாக இருந்தவர் ஒரு நைஜீரியக் குமாஸ்தாவைப் பற்றி எழுதிய நாவல். வெள்ளை அதிகாரி ஜான்சனைச் சுட்டுக்கொல்லும் இடம் ஒன்றுதான் தனக்குப் பிடித்தது என்றான் ஒரு மாணவன். எண்ணிப் பாருங்கள், தன் நாட்டுக்காரன் செத்த பக்கத்தில்தான் அவனுக்கு மூச்சு வந்திருக்கிறது! கோமாளியாகக் காட்டப்பட்ட ஜான்சனைத் தங்களில் ஒருவன் என்று ஏற்க அந்தப் பிள்ளைகளால் முடியவில்லை. அதே வகுப்பில் இருந்த அச்செபே, எங்கள் கதையை நாங்களே சொல்ல வேண்டும் என்று துணிந்தார். 1958-இல் பிறந்தது, தமிழில் 'சிதைவுகள்' என்று நாம் படிக்கும் நாவல்.

பிறகு 1975. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மேடை. ஜோசப் கான்ராடின் 'ஹார்ட் ஆஃப் டார்க்னஸ்' நாவலைக் கையில் எடுத்து, இதை எழுதியவர் இனவெறியர் என்று ஒளிவுமறைவின்றிச் சொன்னார் அச்செபே. கான்ராட் 1890-இல், கதை நடக்கும் காங்கோவுக்கே போனவர். அங்கே பெல்ஜிய மன்னர் லியோபோல்டின் ஆட்சிக் கொள்ளையைக் கண்டு எழுதியவர். அது உண்மை. ஆனால் அந்தக் கதையில் ஆப்பிரிக்கருக்குப் பேச்சு எங்கே? இரண்டே இடங்களில் வாய் திறக்கிறார்கள் என்று காட்டினார் அச்செபே. மற்றபடி கூச்சல், நிழல், கைகால்கள். ஒரு வரி விடாமல் படித்தவரால்தான் அப்படிக் குற்றம் சாட்ட முடியும். கொளுத்துங்கள் என்று அவர் சொல்லவில்லை. அவர் பேசிய நாளிலிருந்து அந்த நாவலைப் பழைய கண்ணோடு யாராலும் படிக்க முடியவில்லை. எந்தத் தடை இதைச் செய்திருக்கும்?

ஒன்றை மட்டும் வேண்டிக் கேட்கிறேன். தன் நிறத்தையோ சாதியையோ இழிவுபடுத்தும் பக்கத்தை வகுப்பில் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பிள்ளையிடம், "இது செவ்வியல், பொறுத்துக்கொள்" என்று எந்த ஆசிரியரும் சொல்லக்கூடாது. முதல் பேச்சு அந்தப் பிள்ளையினுடையதாக இருக்கட்டும். அவன் கோபம் முழுதாக வரட்டும். நம் நூலகத்தில் கான்ராடும் அச்செபேயும் ஒரே அலமாரியில் நிற்கட்டும். இரண்டையும் சேர்த்தே இரவல் கொடுங்கள்.