பெயர் தேடிய ஏடுகள்



அலெக்ஸ் ஹேலி என்னும் கறுப்பின எழுத்தாளர் 1976இல் வெளியிட்ட நூல், 'ஏழு தலைமுறைகள்' என்ற பெயரில் தமிழிலும் வந்துள்ளது. நம்மில் சிலர் படித்திருப்போம். 1977இல் அது தொலைக்காட்சித் தொடராக வந்தபோது, அதனைக் கண்டு தம் முன்னோரைத் தேடப் புறப்பட்ட ஒரு பெண்மணியையும், அவரைப் போன்றோர் புரட்டும் ஏடுகளையும் பற்றியே இன்று நாம் பேச விழைகிறோம். அவர் பெயர் டோரதி ஸ்ப்ரூயில் ரெட்ஃபோர்டு. அவர் தேடல் சென்றடைந்த இடம் வட கரோலினா மாநிலத்து வாஷிங்டன் கவுண்டி.

கவுண்டி என்பது மாநிலத்துக்கு உட்பட்ட ஆட்சிப் பிரிவு. நிலப்பத்திரம், உயில், திருமணப் பதிவு யாவும் அதன் நீதிமன்றக் கட்டடத்தில் சேர்ந்திருக்கும். வாஷிங்டன் கவுண்டி 1799இல் டைரல் கவுண்டியிலிருந்து பிரிந்தது. அதற்கு முந்திய செய்தி வேண்டுமானால் பழைய கவுண்டியின் வாசலைத்தான் தட்ட வேண்டும்.

அங்கே ஃபெல்ப்ஸ் ஏரிக்கரையில் சாமர்செட் பிளேஸ் என்னும் பெரும்பண்ணை இருந்தது. 1786இல் ஆப்பிரிக்காவிலிருந்து நேரே கப்பலேற்றிக் கொண்டுவரப்பட்ட 80 பேர், வேறு அடிமைகளோடு சேர்ந்து, அச்சதுப்புக் காட்டில் ஆறு மைல் நீளக் கால்வாயைக் கையால் வெட்டினர். 1860இல் அப்பண்ணையில் 300க்கு மேற்பட்ட அடிமைகள் இருந்தனர்.

இவர்களுடைய பெயர்களை எங்கே தேடுவது? 1850, 1860 ஆம் ஆண்டுகளின் அடிமைக் கணக்கெடுப்பில் உடைமையாளரின் பெயர் இருக்கும். அதன் கீழே வயது, பால், நிறம் மட்டும் இருக்கும். அடிமையின் பெயர் பெரும்பாலும் இராது. 1865இல் விடுதலை பெற்றபின், 1870ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பிலேதான் அவர்களிற் பெரும்பாலோர் முதன்முறையாகப் பெயரோடு எழுதப்பட்டனர். அதற்கு அப்பால் செல்ல வேண்டுமானால் ஆண்டைமாரின் காகிதங்களே வழி. உயிலிலும் சொத்துப் பட்டியலிலும் கோவேறு கழுதைக்கும் இரும்புச் சட்டிக்கும் நடுவே மனிதர் பெயர் வரும். பக்கத்தில் விலையும் வரும். பிள்ளை தாயின் உடைமையாளனுக்கே உரியது என்பது சட்டமாதலால், தாயையும் மக்களையும் சேர்த்தெழுதினர். தந்தையின் பெயரைப் பல இடங்களில் எழுதவில்லை. இலாபத்துக்காக எழுதிய கணக்கு அது. பேத்தி படிப்பாள் என்று எழுதியவன் எண்ணியிருக்க மாட்டான்.

ஏட்டில் உள்ளதெல்லாம் மெய்யென்றும் நாம் கொள்ளலாகாது. தெரியாத பிறந்த நாளுக்கு ஏதோ ஒரு தேதியைக் குறித்த சேர்க்கைப் பதிவேடுகளை நாமே பள்ளியில் கண்டிருக்கிறோம். அதுபோல, வீட்டுக் கதையையும் ஏட்டோடு ஒப்பிட்டே ஏற்க வேண்டும். ஹேலியின் நூலில் வரும் சில உறவு இணைப்புகள் வர்ஜீனியாவின் கவுண்டி ஏடுகளோடு பொருந்தவில்லை என்று 1981இல் ஆய்வாளர் எடுத்துக்காட்டினர்.

நம் நெஞ்சைத் தொட்ட ஏடு வேறொன்று. அடிமைகளின் திருமணத்துக்குச் சட்டத்தில் இடமில்லாதிருந்தது. 1866இல் வட கரோலினா ஒரு சட்டம் இயற்றி, விடுதலை பெற்ற கணவனும் மனைவியும் கவுண்டி எழுத்தரிடமோ நீதிபதியிடமோ சென்று தம் இல்வாழ்வைப் பதியலாம் என்றது. கட்டணம் 25 சென்ட். விடுதலை பெற்றுச் சிறிது காலமேயான கைகளில் அது சிறு தொகையன்று. ஆயினும் ஆயிரக்கணக்கானோர் சென்றனர். இத்தனை ஆண்டுகளாக இருவரும் சேர்ந்து வாழ்கிறோம் என்று தம் வாயாற் சொல்லி எழுதுவித்தனர். எத்தனையோ குடும்பங்களுக்கு, ஆண்டை சொல்லாமல் தாமே சொல்லிய முதற்பதிவு அதுவே.

ரெட்ஃபோர்டு அம்மையார் ஏறத்தாழப் பத்தாண்டுகள் இவ்வாறு தேடினார். தம் குடும்பத்தோடு நில்லாமல், அப்பண்ணையில் உழைத்த மற்றக் குடும்பங்களின் வழியையும் தொகுத்து, அவர்தம் வழித்தோன்றல்களுக்கு அழைப்பு விடுத்தார். 1986 ஆகஸ்டு 30ஆம் நாள் 2,000க்கு மேற்பட்டோர் அந்த ஏரிக்கரையில் கூடினர். ஹேலியும் வந்திருந்தார். விலையோடு எழுதப்பட்டவர்களின் வழிவந்த அம்மையாரே, அரசின் வரலாற்றுச் சின்னமாகிவிட்ட அப்பண்ணைக்குப் பின்னாளில் நிர்வாகியாகிப் பல்லாண்டு பணியாற்றினார்.